மண்டலம் ஐந்து

ரொறன்ரோவில் மழை பெய்தால்
கும்புறுபிட்டியில் வெங்காயம் வாடும்.
முதல் பத்து நாளும் எனக்கிது பிடிபடவில்லை.
கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் அறைகிறது,
திரையோ சின்னக் குடையொன்றை விரித்து
"மழைத் தாமதம், நாற்பத்தெட்டு மணி" என்கிறது.
கணக்கைத் திறந்தவர் குலேந்திரன் அண்ணை.
அவருடைய ஊரும் அவருடைய வானமும்
பெட்டிக்குள் அப்படியே குடியிருந்திருக்கின்றன.
இடத்தை மாற்றினேன். நேரத்தை மறந்துபோனேன்.
அவருக்கு விடிய ஐந்து மணி,
எங்களுக்குப் பின்னேரம் இரண்டரை:
அந்த வெய்யிலில் துளிக்குழாய் கொதிநீர் சிந்தியது.

பிறகு வால்வுப் பெட்டிக்குள் எறும்பு.
மூன்றாம் மண்டலத்தில் வால்வின் றப்பர் கிழிந்து,
வயர் முனைகளை உப்புக்காற்று பச்சையாய் அரித்து.
சுருளில் பிழையில்லை, ஆனால்
டவுன் கடையில் முழு வால்வாய்த்தான் விற்கிறார்கள்.
பழைய சுருளை எறியவில்லை. எனக்கு எறிகிற பழக்கமில்லை.

எதற்கும் ஒரு மணியடிப்பு.
"வடிகட்டி அடைப்பு."
"ஈரமானி பதில் தரவில்லை."
ஈரமானியை நாய் கிளப்பிக்கொண்டு போயிருந்தது,
அதற்குப் பதில் தர வசதியில்லை.

ஆனியில் புதிதாக ஒன்று:
"கசிவு. எல்லா வால்வும் மூடியுள்ளன.
நிமிடத்துக்குப் பதினொரு லீற்றர்."
இரவு இரண்டு பத்து. ஒன்பது நிமிடம். நின்றுவிடும்.
மறுநாளும் அதே இரண்டு பத்து.
அண்ணைக்கு அது வேலை முடிகிற நேரம்,
பஸ்ஸுக்குள் இருந்தே கோல் எடுப்பார்:
"சுதாநிதி, குழாய் எங்கையோ வெடிச்சிருக்கு, பார்."
ஒன்பது நிமிடத்தில் தானாக ஒட்டுகிற வெடிப்பு
எந்தக் குழாயிலும் இல்லை.

மூன்றாம் இரவு ரோச் எடுக்காமல் போனேன்.
தாங்கிக்குக் கீழே, கழுவு வால்வடியில்
இரண்டு கலன், ஒரு வாளி,
குந்தியிருந்தாள் தங்கரூபி.
வேலிக்கு அந்தப் பக்கம் அவள் கிணறு.
பங்குனிக்குப் பிறகு அதில் கடல்தான் ஊறுகிறது.
பவுசர் வருவது செவ்வாய், வராததும் செவ்வாய்.
என்னைக் கண்டும் அவள் எழும்பவில்லை.
வாளி நிரம்புமட்டும்
இரண்டு பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டோம்.
பிறகு மூடினாள், ஒரு சொட்டும் விடாமல்,
அந்தத் திருகின் குணம் தெரிந்தவளாய்,
என்னைவிட நன்றாக.

விடிந்ததும் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.
கசிவின் எல்லையைப் பன்னிரண்டாக்கலாம்.
ஆனால் நாளைக்கு நிசமாய்க் குழாய் வெடித்தாலும்
பெட்டி வாயைத் திறக்காது.
ஐந்தாம் இணைப்பு சும்மா கிடந்தது.
வெறுமனே விட்டால் "மின்னோட்டம் இல்லை" என்று கத்தும்.
பழைய சுருளை அதில் முடுக்கினேன்.
எதையும் திறக்காத சுருள்.
இரண்டு பத்துக்கு 'டிக்' என்னும், அவ்வளவுதான்.
பெட்டிக்கு மனம் ஆறும்.

புது மண்டலம் என்றால் பெட்டி கேள்வி கேட்கிறது.
மண்? மணல்.
சரிவு? இல்லை.
நிழல்? பாதி.
பயிர்?
விரல் அதில் கொஞ்சநேரம் நின்றது.
புல், ரோசா, பழமரம், மரக்கறி...
மரக்கறியை அமத்தினேன்.

"ஐஞ்சிலை என்ன?" அண்ணை கேட்டார்.
"வெண்டி."
"எத்தினை பாத்தி?"
"சின்னப் பாத்தி, அண்ணை."
"நல்லது. காய்க்கேக்கை ஒரு படம் அனுப்பு."

வெண்டி காய்க்க ஐம்பது நாள் வேணும்.
குச்சவெளிக்குப் போய் ஒரு பைக்கற் விதை வாங்கினேன்.
வேலியோரம் நான் குழி எடுக்க
அந்தப் பக்கத்திலிருந்து தங்கரூபி கேட்கிறாள்,
"இந்த மணலிலை வெண்டி வருமோ?"
"தண்ணி விட்டால் வரும்."
கொஞ்சநேரம் பேச்சில்லை.
பிறகு, "ஒரு கலனிலை கால்வாசி
மிச்சம் வைக்கிறன்" என்றாள்.